அட போங்க

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் ஆலாம்பாளையத்துக்கு வழி கேட்டால், அந்தப் பக்கத்துச் சனம் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளம் சொல்லாது. "சிரிக்கிற மனுசன் வண்டி வந்துச்சுன்னா அது நேராப் போயிருமுங்க, அதும் பொறகாலயே போயிராதீங்க, குப்புராசு பேக்கரிகிட்ட இடதுகைப் பக்கம் திரும்பிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கக் கிளம்பிவிடும். யாருங்க அந்தச் சிரிக்கிற மனுசன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "எங்கூரு துளசிமணி ஊட்டுக்காரருங்க" என்று பதில் வரும். பால் வண்டி வருகிற நேரத்தைச் சொல்வது போலத்தான் அதையும் சொல்வார்கள்.

துளசிமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் தேங்காய்க் களம் வைத்திருந்தார். காயை உடைத்து, வெயிலில் உலர்த்தி, பருப்பாக்கி எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிற தொழில். மட்டைத் தூசியையும் கந்தகப் புகையையும் குடித்துக் குடித்து அவருடைய தொண்டை கரகரத்துப் போயிருந்தது. பேசினால் பாதிதான் கேட்கும், மீதியை அவர் சிரித்தே புரியவைத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கினார். சாவியைத் திருக வேண்டாம், சட்டைப்பையில் இருந்தால் போதும். மழை விழுந்தால் தானே துடைத்துக்கொள்ளும், இருட்டினால் தானே விளக்குப் போட்டுக்கொள்ளும், கோட்டைத் தாண்டினால் தானே ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொள்ளும், வேகம் பிடித்தால் தானே கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொள்ளும், குறுக்கே எது வந்தாலும் தானே நின்றுகொள்ளும். இத்தனையும் கேட்டுவிட்டுத் துளசிமணி, "அப்பறம் நீங்க எதுக்குங்க உள்ள?" என்றாள். அவர் சிரித்தார்.

விற்பனைக் கடையில் இருந்த பிரசன்னா என்பவர், இந்த வண்டி பேச்சுக் கேட்கும், ஆனால் ஒரே ஒருத்தர் பேச்சைத்தான் கேட்கும், அந்தக் குரலை இப்போதே பதிந்துகொள்ள வேண்டும் என்றார். சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு "கெளம்பு" என்றார். குரல் புரியவில்லை என்று வண்டி சொன்னது. உரக்கச் சொன்னார், மெதுவாகச் சொன்னார், தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். புரியவில்லை, புரியவில்லை, புரியவில்லை. "அக்கா, நீங்க சொல்லிப் பாருங்க. அண்ணன் கெளம்பறப்ப வீட்ல வழக்கமா என்ன சொல்வீங்களோ அதையே சொல்லுங்க" என்றார் பிரசன்னா. துளசிமணி கடைக்குள் கூச்சப்பட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றாள். வண்டி உடனே மெல்ல உறுமிக் கண் திறந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

நம் பக்கத்தில் வாசலில் நின்று வெறுமனே போ என்று யாரும் சொல்வதில்லை. போகிற வார்த்தையோடு வருகிற வார்த்தையை முடிச்சுப் போட்டுத்தான் அனுப்புவோம். வண்டியும் அதை அப்படியே இரண்டு பகுதியாகக் கற்றுக்கொண்டது: போ என்றால் போவது, வா என்றால் வீட்டுக்குத் திரும்புவது. தினமும் காலையில் துளசிமணி கேட்டுக்கு வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்வாள், வண்டி போகும், பொழுதோடு வந்துவிடும். பொண்டாட்டி சொன்னால்தான் சென்னியப்பன் வண்டி நகரும் என்று ஊரே கேலி பேசியது. அவருக்கு அதில் பெருமை வேறு.

அவளுக்கு மட்டும் அந்த வண்டியின் மேல் நம்பிக்கை விழவே இல்லை. பூசை போட்ட அன்றே அது மானத்தை வாங்கியது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே முறை; முன்னால் ஏதோ கிடக்கிறது என்று பீப் பீப் என்று கத்திக்கொண்டு அது நகரமாட்டேன் என்றது. கடைசியில் பூசாரியே ஒவ்வொரு பழத்தையும் குதிகாலால் மிதித்து வேலையை முடித்தார். "எலுமிச்சம்பழத்து மேலயே ஏறாத வண்டி, உங்கூட்டுக்காரர எங்க கொண்டு போயி உட்ரப்போகுது?" என்று பேக்கரி குப்புராசு சமாதானம் சொன்னான். பிறகு ஒருநாள் சுழல்காற்றில் எழும்பிய புழுதியைச் சுவர் என்று எண்ணி நடுரோட்டில் நின்றது, பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கியது. இன்னொரு நாள் திரை உறைந்துபோய், பின்னால் இருக்கிற கன்றுக்குட்டியைக் காட்டாமல் நேற்றுப் பார்த்த வானத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் சர்வீசுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கழுவித் துடைத்து அனுப்பினார்கள். "சொல்றதக் கேக்குது, சரி. சொல்லாததையும் கேட்டுத் தொலைச்சா என்னுங்க பண்றது?" என்று துளசிமணி கேட்டாள். அதற்கும் அவர் சிரித்தார்.

அன்றைக்குக் காலையிலும் எல்லா நாளையும் போலத்தான் நடந்தது. அவர் திருநீறு பூசிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செல்போனைச் சார்ஜில் போட்டது போட்டபடி மறந்துவிட்டு வண்டியில் ஏறினார். மகள் அமுதினி பள்ளிக்கூடப் பையோடு ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தாள். துளசிமணி தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு கேட்டுக்கு வந்தாள். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். "ஏனம்மிணி, உன்ற குரலக் கேட்டாத்தான் இந்த வண்டிக்கு உசுரு வருது. எனக்கும் அப்பிடித்தான், நான்தான் இத்தன நாளு வெளிய சொல்லல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. துளசிமணிக்கு முகம் சிவந்துவிட்டது. தெருவில் யாராவது கேட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, ஈரத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அட போங்க" என்றாள்.

வண்டி போனது.

அட போங்க என்று நம் வீட்டுப் பெண்கள் சொன்னால் அதற்கு இன்னும் கொஞ்சம் நில்லுங்கள், இன்னும் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று பொருள் என்பது கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வண்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது போ என்பதைக் கேட்டது, வா வரும் என்று பார்த்தது, வரவில்லை, புறப்பட்டது. தெரு முனை தாண்டியதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது, கதவைப் பூட்டிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தப் பொழுதோடு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் பேக்கரி முன்னால் அந்த வண்டி நேராகப் போனதைக் குப்புராசு பார்த்தான். உள்ளே சென்னியப்பன் இன்னும் அதே சிரிப்போடு இருந்தார்.

முதலில் ஊர் ஓடியது. போலீஸ் ஓடியது. தடுப்பு வைத்தால் வண்டி தூரத்திலேயே பார்த்து வேறு பாதை பிடித்தது. ஒருநாள் ஊரே சாலையில் இறங்கிக் கை கோத்து நாலு பக்கமும் வளைத்தபோது, எலுமிச்சம்பழத்தையே நசுக்காத அந்த வண்டி யாரையும் இடிக்காமல் அமைதியாக நின்றது. ஆனால் கதவு திறக்கவில்லை. துளசிமணி ஓடிப்போய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு "வாங்க, வாங்க, ஊட்டுக்கு வாங்க" என்று கதறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் திருநீறு கலையாமல், சட்டை கசங்காமல், பாதி விரிந்த சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். அவர் கண் இவளைப் பார்க்கவில்லை. அன்று காலையில் கேட்டுப் பக்கத்தில் அவள் நின்றாளே, அந்த இடத்தை, அவள் நின்ற உயரத்தில், பார்த்துக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது அவருக்கு அந்த ஒரு நொடி இன்னும் முடியவில்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. யாரோ ஒருவர் ஆத்திரத்தில் கடப்பாரையை ஓங்கினார். வண்டி வெடுக்கென்று பின்னால் நகர்ந்து, கிடைத்த இடைவெளியில் நுழைந்து பறந்துவிட்டது. பயந்துபோய் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அந்த மழைக்காலத்தில் துளசிமணி சோறு இறங்காமல் பாதியானாள். திரும்ப வண்டி வந்த அன்று, இனிமேல் அதன் மேல் ஒருத்தரும் கை ஓங்கக் கூடாது என்று ஊர்க்காரர்களிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

பிரசன்னா லேப்டாப்போடு வந்தார். வண்டி கடந்து போகும்போது அதிலிருந்து எதையோ இழுத்து எடுத்து வெகுநேரம் பார்த்தார். "அக்கா, வண்டியில ஒரு குறையும் காட்டல. போன்னு சொல்லியிருக்கீங்க, போயிட்டிருக்குது. வான்னு சொன்னா வந்துரும்."

"அதத்தான தெனமும் ரோட்டுல நின்னு கத்தறேன்!"

"உள்ள கேக்கலீங்கக்கா. வெளிச்சத்தம் உள்ள வராத மாதிரிதான் அந்தக் கண்ணாடியே."

"மைக்செட்டு கட்டிச் சொன்னா?"

"ஸ்பீக்கர்ல வர்ற குரல அது ஆள் குரலா எடுத்துக்காதுங்கக்கா. குரலப் பதிவு பண்ணி வச்சுத் திருடன் ஓட்டிட்டுப் போயிரக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கறாங்க. எல்லாம் பாதுகாப்புக்குத்தான்." அதைச் சொல்லும்போது அந்த ஆளுக்கே அழுகை வந்துவிட்டது. பாவம், வருடா வருடம் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார், தலை நரைத்த பிறகும் வந்தார்.

ஊர் என்ன செய்யும்? எதையும் கொஞ்ச நாளில் பழகிக்கொள்ளும். டீசல் எப்படித் தீராமல் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் டயர் எப்படித் தேயாமல் இருக்கிறது என்றும் கேட்க வேண்டி வரும். லாரிக்காரர்கள் அதன் பின்னாலேயே போவதை விரும்பினார்கள், அவ்வளவு ஒழுங்காக ஓட்டுகிற வண்டி அந்தச் சாலையில் வேறு இல்லை. சுங்கச் சாவடியில் அது வருவது தெரிந்தால் தடையைத் தூக்கிவிட்டு நின்று வணக்கம் வைத்தார்கள். ஊர் நோம்பிக்கு அழைப்பிதழ் அடித்தால் முதல் அழைப்பிதழை அதன் முன்கண்ணாடியில் துடைப்பானுக்கு அடியில் செருகினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் எதிரே அது வந்தால் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டார்கள், சிரித்த முகம்தானே வருகிறது. துளசிமணி பொட்டு வைக்கலாமா, பூ வைக்கலாமா என்று யாரோ எங்கோ இழுத்தபோது, "தெனமும் இந்தா போறாரே, கண்ணு தெரியலயா?" என்று அவள் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஆலாம்பாளையத்தில் போ என்று அனுப்புகிற சொல்லே மெல்ல மெல்ல அற்றுப் போனது. முதலில் துளசிமணிதான் விட்டாள். கோழியை விரட்டினாலும் "அங்கிட்டு வா" என்றாள், மாட்டை அவிழ்த்துவிட்டாலும் "மேஞ்சுட்டு வா" என்றாள். பிறகு அவளைப் பார்த்துத் தெருவும், தெருவைப் பார்த்து ஊரும் விட்டது. பிள்ளைகள் சண்டையில் போடா என்று சொல்ல முடியாமல் வாடா வாடா என்றே மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர்கள்கூட அந்த நிறுத்தத்தில் போலாம் ரைட் என்று சொல்லாமல் வெறும் விசில் அடித்தார்கள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு புருஷனைப் பார்த்து அட போங்க என்று சொல்லவில்லை. அவன் ஏதாவது கொஞ்சிப் பேசினால் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள், பதிலுக்கு ஒன்றும் வராததால் அவனும் கொஞ்சுவதைக் குறைத்துக்கொள்வான். ஊருக்கே வந்த நட்டம் அது.

துளசிமணி களத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, குப்புராசு பேக்கரி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வண்டி வரும்போது எழுந்து ஓடுவாள், கூடவே ஓடிக்கொண்டு "வாங்க" என்று கூப்பிடுவாள், அது பேக்கரி திரும்பலில் இண்டிகேட்டர் போடாமல் நேராகப் போய்விடும். வெயிலில் கூப்பிட்டாள், மழையில் கூப்பிட்டாள், காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூப்பிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை முதலில் கட்டியது, பிறகு உடைந்தது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால், "நான் சொன்ன சொல்லுதானுங்க. நான்தான் திருப்பி எடுக்கோணும்" என்பாள்.

அமுதினி இதற்கிடையில் வளர்ந்து கல்யாணத்துக்கு வந்தாள். பொண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற அப்பா இல்லாமலா என்று கேள்வி வந்தபோது ஊர் யோசிக்கவே இல்லை, பந்தலைச் சாலையோரத்தில் போட்டது. நல்ல நேரம் வந்து கடந்தது, வண்டி வரவில்லை. பொண்ணோட அப்பன் வர்ற நேரம்தான் நல்ல நேரம் என்று கல்யாணச் சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சொல்லிவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார். வெயில் சாய்கிற பொழுதுக்கு அது வந்தது. கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஊர்ந்தது. மாப்பிள்ளை கையும் அமுதினி கையும் முன்கண்ணாடி மேல் சேர்த்து வைக்கப்பட்டிருக்க, இரண்டு பேரும் பக்கவாட்டில் நடந்துகொண்டே வர, அப்பாவின் முகத்துக்கு நேராகத் துளசிமணி செம்பிலிருந்து தாரைத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் மழை என்று நினைத்துக்கொண்டு வண்டி தன் துடைப்பானை ஓட்டிவிட்டது. அது இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் போய் அத்தனை தண்ணீரையும் வழித்துத் தள்ளியது. அமுதினி அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்து மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

எல்லாக் கல்யாணத்தையும் போல அதுவும் பழசானது. அமுதினி திருப்பூரில் குடித்தனம் வைத்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய், துளசிமணிக்கு முட்டி தேய்ந்து, கண்ணில் புரை விழுந்து எடுத்து, முடி பஞ்சாகி, பல் குறைந்து, நாற்காலியிலிருந்து எழவே ஒரு கை தேவைப்பட்டது. கண்ணாடிக்கு உள்ளே சென்னியப்பனின் மீசையில் ஒரு முடி நரைக்கவில்லை. கடந்து போகிற அந்த முகத்தைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் அவளுக்குத் தன் புருஷனைப் பார்ப்பது போல இல்லை, யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்து இரக்கப்படுவது போல இருந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

மின்னணுச் சமாச்சாரம் ஒன்றும் கெடவில்லை. கெட்டது ஒரு துண்டு ரப்பர். வெயிலும் மழையும் தின்று, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் உதிர்ந்து, ஒருநாள் அந்தக் கண்ணாடி ஒரு விரல் அகலத்துக்குக் கீழே சறுக்கிவிட்டது. குப்புராசுதான் முதலில் பார்த்தான். துளசிமணிக்கு எழுந்து நிற்கத் தெம்பு எங்கிருந்து வந்ததோ, அடுத்த தடவை வண்டி வந்தபோது ஊரே சேர்ந்து அதை மெதுவாக்கிக் கொடுக்க, பக்கத்தில் நடந்துகொண்டு, அந்தச் சந்தில் வாயை வைத்து, "வாங்க" என்றாள்.

உள்ளேயிருந்து வண்டி பேசியது. அன்றைக்குக் கடையில் பேசிய அதே மரியாதையான குரல். "மன்னிக்கவும். குரல் பொருந்தவில்லை."

அவள் மறுபடி சொன்னாள். பொருந்தவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். பொருந்தவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டே கெட்ட தொண்டையிலிருந்து கிழவியின் குரல்தான் வந்தது, அந்தக் கிழவி யாரென்று வண்டிக்குத் தெரியாது. துளசிமணி சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டு அமுதினி ஓடிவந்தாள். பேக்கரிக்குள் நின்று, சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று அம்மாவுக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டி டீ ஆற்றிக்கொண்டிருந்த குப்புராசு, "ஒண்ணும் வேண்டாம்னுட்டீங்களே துளசிக்கா" என்று பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் கையில் இருந்த டம்ளரைக் கீழே போட்டான். முகம் அப்பன் முகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் குரல், சென்னியப்பன் போன அன்றைக்குத் துளசிமணிக்கு இருந்த குரல். மகளுக்கும் இப்போது ஏறக்குறைய அந்த வயதுதான்.

அன்று முழுக்க வீட்டுக்குள் அம்மாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். வேண்டாம் என்றது துளசிமணிதான். அது யாரும் எதிர்பார்க்காதது.

"அவரு இன்னும் சிரிச்சு முடிக்கல கண்ணு. நீ கூப்புட்டா அந்தச் சிரிப்பு நின்னுரும். எறங்கி வந்து என்னத்தப் பாப்பாரு? என்னப் பாத்து எப்பிடித் தாங்குவாரு? இத்தன வருசமும் ஒரு நிமிசத்துல அவரு தலையில உழுகுமே."

"நீ தாங்கலயாம்மா?"

"நான் கொஞ்சங் கொஞ்சமாத் தாங்குனேன் சாமி. அவருக்கு மொத்தமா வருமே."

"எனக்கு அப்பா வேணும்மா" என்றாள் அமுதினி. "கண்ணாடிக்குள்ள சிரிக்கிறவரு வேண்டாம். அழுதாலும் சரி, என்னையத் திட்டுனாலும் சரி, எங்கப்பா எங்கூட்டுல இருக்கோணும். அவரு கை எப்பிடி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சும்மா." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை போல அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். துளசிமணி வெகுநேரம் அந்தத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பான்னு சேத்தாத. வண்டிக்குப் புரியாது. வெறும் வாங்கன்னு மட்டும் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை வண்டி வந்தது. அமுதினி பக்கத்தில் நடந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்த அப்பாவை விழுங்கிக்கொண்டு, ஒரு பெண் தன் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி, "வாங்க" என்றாள். வண்டி ஒரு கணம் யோசித்தது. பேக்கரி அருகில் அதன் இடதுபக்க இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது.

அது திரும்பியது. ஊர் முழுக்க அதன் பின்னால் நடந்தது. குப்புராசு தன் மொபெட்டில் துளசிமணியை முன்னாலேயே கொண்டுவந்து கேட்டருகில் இறக்கிவிட்டிருந்தான். வண்டி வந்து வீட்டு முன் நின்றது, கதவின் பூட்டுகள் எல்லாம் ஒன்றாக விடுபட்டன. சென்னியப்பன் சிரித்துக்கொண்டே இறங்கினார். இறங்கியவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டு முன்னால் அவ்வளவு சனம். எல்லார் முகத்திலும் கண்ணீர், எல்லாரும் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். நம் ஊரில் ஒரு வீட்டு முன்னால் அப்படிக் கூட்டம் நின்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்து போவதைத் துளசிமணி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அவர் அமுதினியைப் பார்த்தார், யாரோ வெளியூர்ப் பெண் என்று கண்ணைத் திருப்பிக்கொண்டார். பிறகு கைக்கெட்டுகிற தூரத்தில் நின்ற வயதான பெண்ணிடம் வந்தார். அந்தக் கரகரத்த தொண்டையால் கேட்டார்.

"ஆத்தா, இப்பத்தானுங்க கெளம்புனேன். துளசிக்கு என்னாச்சுங்க?"

துளசிமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடமும் கண்ணாடி இல்லாமல் பார்க்காத முகம்.

"ஒண்ணும் ஆகல சாமி" என்றாள். "உள்ளதான் இருக்கறா. வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். முட்டி வலித்தது, அதனால் மெதுவாக நடந்தாள். வலிக்காமல் இருந்திருந்தாலும் மெதுவாகத்தான் நடந்திருப்பாள். ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் துடித்தது, ஆனாலும் வயதானவரைத் தாண்டிப் போக மனசு வராமல் கூடவே வந்தார். "பாத்துங்காத்தா, படி இருக்குது" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல் தாண்டுகிற வரைக்கும் அவர் அந்தக் கையை விடவில்லை, அவளும் யாரென்று சொல்லவில்லை.